மறு சோதனைக்கான காரணம்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரி கேட்டில் பதினோரு வருஷமாக செக்யூரிட்டியாக நிற்கிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு சைரன் ஊதியதும் அறுநூறு பெண்கள் வெளியே வருவார்கள். அத்தனை பையையும் பிரித்துப் பார்த்தால் விடிந்துவிடும். அதனால் நான் பையைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். எந்த முகம் தேவைக்கு மேல் சிரிக்கிறதோ, அந்தப் பையில் காலர் துணியோ பட்டன் பொட்டலமோ இருக்கும். உடனே மீசையை ஒரு தடவை தடவிக்கொள்வேன். பக்கத்தில் நிற்கிற லட்சுமம்மா, "பேக் தெகியம்மா" என்று கன்னடத்தில் அதட்டிப் பையைப் பிரித்துவிடுவாள். யாருக்கும் எங்கள் சைகை தெரியாது. பத்துக்கு எட்டு தடவை நான் நினைத்தது சரியாக இருக்கும்.

ஆகவே, 2004-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கையில் ஃபைலோடு வந்து சிரித்தபோது என் கை தானாக மீசைக்குப் போனது.

"மிஸ்டர் எத்திராஜ்தானே? என் பேர் டோரீன். உங்க டாட்டர் நிருபமா விஷயமா வந்திருக்கேன்."

செக்யூரிட்டிக்காரனை யாரும் மிஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. ஐம்பது வயசு இருக்கும். வாயல் காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. காக்ஸ் டவுன் பக்கம் ஏதோ ஒரு டிரஸ்டில் வேலையாம். அரசுப் பள்ளியில் படிக்கிற, கண்ணிலோ காதிலோ புத்தியிலோ குறை உள்ள பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைக்கு அரசாங்கத்திடம் என்னென்ன கேட்கலாம், அதை எந்த ஆபீசில், எந்தப் பாரத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாராம். வேண்டுமானால் கூடவே வருவாராம். என் பெண்ணின் பிறந்த தேதி, அவள் எந்த பெஞ்சில் உட்காருகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கே எந்த பெஞ்ச் என்று தெரியாது.

நிருவுக்கு அப்போது எட்டு வயசு, பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பேச்சு தெளிவாக வராது. தண்ணி என்பது 'அண்ணி' என்று வரும். போர்டில் எழுதியதை அச்சு அடித்த மாதிரி நோட்டில் எழுதிவிடுவாள். ஆனால் என்ன எழுதினாய் என்று கேட்டால் கேட்பவர் வாயையே பார்ப்பாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எங்களுக்குத் தெரியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நாங்கள் அளந்து பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்து வாசற்படியில் நான் காலைத் தட்டினால் உள்ளேயிருந்து திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"அடுத்த மாசம் கவர்மெண்ட் முகாம் நடக்குது" என்றார் டோரீன். "காது டெஸ்ட் பண்ணுவாங்க. நாப்பது பர்சென்ட்டுக்கு மேல குறைன்னு வந்தா மெஷின் ஃப்ரீயா கிடைக்கும். வாரத்துல ரெண்டு நாள் ஸ்பெஷல் டீச்சர் அந்த ஸ்கூலுக்கே வருவாங்க. தமிழ், கன்னடம், இங்கிலீஷ்னு மூணையும் புள்ள தலையில ஏத்த வேணாம், ஒண்ணு போதும்னு ஆர்டரும் கேக்கலாம்."

"இதுல உங்களுக்கு என்ன மேடம் கிடைக்குது?"

என் மனைவி ஜெயலட்சுமி அடுப்படியிலிருந்தே என்னை முறைத்தாள்.

"சம்பளம்" என்றார் டோரீன். "பஸ் பாஸும் தர்றாங்க."

நேராகப் பதில் சொல்கிறவர்களிடம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். பாரத்தை வாங்கிப் பார்த்தேன். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு கட்டம்: 'தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சம்மதமா?' எதிரில் காலியிடம்.

"அது உங்களுக்கு வேணாம்னா காலியா விட்டுடுங்க" என்றார்.

கேட் ரிஜிஸ்டரில் நாங்கள் ஒரு வரிகூடக் காலியாக விட மாட்டோம். ஷிஃப்ட் முடிந்ததும் மிச்ச இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடுவோம். காலி இடத்தில் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஃபாக்டரி அயர்ன் மாஸ்டர் இராஜமாணிக்கத்துக்கு வீடு ஜீவனஹள்ளியில். அவன் பையனுக்கும் காது கேட்காது. இப்படித்தான் முகாம், சர்டிஃபிகேட் என்று ஆரம்பித்து, கடைசியில் வெளியூரில் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தசரா லீவுக்கு வந்தால் பையன் கையாலேயே பேசுகிறான். "எம் புள்ள என்கிட்ட என்ன சொல்றான்னே எனக்குத் தெரியல, எத்திராஜு" என்று டீக்கடையில் அவன் சொன்னபோது பாதி டீயை அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளை யாருக்கும் தூக்கிக் கொடுப்பதாக இல்லை.

புதன்கிழமை லீவு போட்டேன். அன்று அந்த அம்மாள் பின்னாலேயே போனேன். காலையில் அவர் எங்கள் தெருப் பக்கம் வருவார் என்று பள்ளி ஆயா சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஏறினார், நானும் பின்வாசலில் ஏறினேன். ஜீவனஹள்ளியில் இரண்டு வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம். சர்ச்சுக்குப் போவார், யாரையாவது கூட்டிக்கொண்டு போவார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவரோ கல்வி ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்து, யாரோ ஒரு குமாஸ்தாவுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தார். நான் எதிரில் வேப்பமரத்தடியில் நின்றேன். பசி காதை அடைத்தது.

"மிஸ்டர் எத்திராஜ்" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "எவ்ளோ நேரம் வெயில்ல நிப்பீங்க? இங்க வந்து உக்காருங்க, பன் இருக்கு."

மானம் போனது. போய் உட்கார்ந்தேன். பன்னை வாங்கவில்லை.

"இராஜமாணிக்கம் பையனை ஹாஸ்டலுக்கு அனுப்பினது நீங்கதானா?"

"ஆமா" என்றார் கண் சிமிட்டாமல். "அவங்கப்பாதான் கேட்டார். ஒம்போது வயசு வரைக்கும் அந்தப் புள்ளைக்கு எந்த பாஷையும் இல்ல. இப்ப சண்டை போடறதுக்காவது நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. அப்பாவையும் கைபாஷை கத்துக்க வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேன். வரல. உங்க பொண்ணுக்கு அது வேணாம்னா வேணாம். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

இவ்வளவும் சொன்னார். என் மண்டையில் ஏறியது 'ஆமா' ஒன்றுதான்.

முகாமுக்குப் போகாமல் இருந்தால் தலைமை ஆசிரியை விடமாட்டார், ஜெயலட்சுமியும் விடமாட்டாள். தவிர, போகாதவன் மேல்தான் சந்தேகம் விழும். போக வேண்டும், போய் என் பெண் பாஸ் ஆக வேண்டும். அப்புறம் ஃபைலை மூடிவிடுவார்கள். இதுதான் என் கணக்கு. சோதனை எப்படி நடக்கும் என்று இராஜமாணிக்கத்திடம் துருவித் துருவிக் கேட்டேன். பிள்ளை காதில் ஹெட்ஃபோன் மாட்டுவார்கள். மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். அப்பா அம்மா எதிரில் நிற்கலாம்.

"பட்டனை அமுக்கினா மெஷின்ல ஒரு செவப்பு லைட்டு எரியும்" என்றான். "நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். லைட்டு எரியுது, எரியுது, எம் புள்ள சும்மாவே உக்காந்திருக்கான்."

அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன். ஒரு தட்டில் பொட்டுக்கடலை, பக்கத்தில் டம்ளர். நான் மீசையைத் தடவினால் நிரு ஒரு கடலையைப் போட வேண்டும். சும்மா நின்றால் போடக்கூடாது. இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். நான் தடவுகிற மாதிரி கையைக் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தாலும் ஏமாற மாட்டாள். அவளோடு நான் அவ்வளவு நேரம் விளையாடியது அதற்கு முன் கிடையாது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பரீட்சையில பிட்டு அடிக்கிற புள்ளைங்களைப் பாத்திருக்கேன்" என்றாள் ஜெயலட்சுமி. "பிட்டு எழுதிக் குடுக்கிற அப்பனை இப்பத்தான் பாக்கறேன். நல்லா இல்லீங்க இது."

"உனக்கு உம் பொண்ணு வேணுமா வேணாமா?" என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முகாம் ஒரு ஹைஸ்கூல் கட்டடத்தில் நடந்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகள், அழுகை, மேலே கடகடவென்று ஃபேன். டோரீன் வேறொரு குடும்பத்துக்குப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். சோதனை செய்த பெண் சின்ன வயசுக்காரி, காலையிலிருந்து முப்பது பிள்ளைகளைப் பார்த்துக் களைத்திருந்தாள். நான் கதவோரமாக, நிருவுக்கு நேர் எதிரில் நின்றேன். மெஷினின் சிவப்பு விளக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

விளக்கு எரிந்தது, மீசையைத் தடவினேன், மணி விழுந்தது. இருபது தடவை எரிந்தது, இருபது மணியும் விழுந்தன. அந்தப் பெண் ஹெட்ஃபோன் ஒயரை ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். நிருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "நார்மல்" என்று எழுதி அடுத்த மேஜைக்கு அனுப்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மேஜையில் ஒரு டாக்டர். காது சரியாக இருக்கிற பிள்ளைக்குப் படிப்பும் பேச்சும் ஏன் வரவில்லை என்று பார்ப்பது அவர் வேலை. குனிந்து எழுதிக்கொண்டே, "உன் பேர் என்னம்மா?" என்றார். "இதுல எது பசு? மூணு கட்டையை எடுத்து இங்க வை." அவர் வாயே நிருவுக்குத் தெரியவில்லை. விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என் பக்கம் திரும்பி என் மீசையைப் பார்த்தாள். இந்தக் கேள்விகளுக்கு என்னிடம் சைகை இல்லை. டாக்டர் நிறைய எழுதினார். நிரு எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்ட சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். காது: இயல்பு. புத்தி வளர்ச்சி: நடுத்தர அளவு குறைவு. பரிந்துரை: சிறப்புப் பள்ளி.

"காதுதான் கோளாறுன்னா முன் பெஞ்சில உக்கார வெச்சுப் பாத்திருப்பேன், எத்திராஜ்" என்றார். "காது நல்லா இருந்தும் ஏறலைன்னா நான் என்ன பண்றது? ஜூன்ல வேற எடம் பாத்துக்குங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யார் மேலாவது சந்தேகப்பட முடிகிறதா என்று பார்த்தேன். டாக்டர் அவசரக்காரர். தலைமை ஆசிரியைக்கு ரிசல்ட் குறையக்கூடாது. டோரீன்தான் இதை எழுத வைத்திருப்பார், ஹாஸ்டலுக்கு ஆள் பிடிக்க. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. ஜெயலட்சுமி காகிதத்தை வாங்கிப் படித்தாள். அதை மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு டோரீன் ஃபாக்டரி கேட்டுக்கே வந்துவிட்டார். பெண்கள் எல்லோரும் போகும் வரை ஓரமாக நின்றார்.

"நாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றார். "உங்க பொண்ணு பின்னாடி நின்னு ரெண்டு தடவை கை தட்டிப் பாத்தேன். திரும்பல. முகாம்ல மட்டும் ஒண்ணு விடாம கேட்டிருக்கா. நல்லா காது கேக்கிற பெரியவங்களே நாலஞ்சு விட்டுடுவாங்க, மிஸ்டர் எத்திராஜ்."

"புள்ள கவனமா இருந்திருப்பா மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பெண்களைப் பார்க்கிறேனே, அதே பார்வை. அப்போதுதான் நான் தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பக்கத்தில் லட்சுமம்மா இருந்தாள். நல்லவேளை, மீசையைத் தடவ அவளுக்கு மீசை இல்லை.

டோரீன் ஒரு பாரத்தை நீட்டினார். "மறு சோதனை கேக்கலாம். ஆனா காரணம் எழுதணும். காரணம் இல்லாம திரும்பப் பாக்க மாட்டாங்க. உங்க கையெழுத்துல, நீங்களே எழுதணும். அது ஸ்கூல் ஃபைல்ல இருக்கும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"பொண்ணு ஸ்கூல் முடிக்கிற வரைக்கும். வருஷா வருஷம் புது டீச்சர் எடுத்துப் படிப்பாங்க."

பாரத்தை மூன்று நாள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இத்தனை வருஷம் அடுத்தவர் திருட்டைப் பிடித்தவன், நான் ஏமாற்றினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? யாராவது ஒருத்தர் ஃபாக்டரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் என் கதி என்ன? வேறு ஏதாவது காரணம் எழுதலாமா, அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று? எழுதலாம்தான். ஆனால் காய்ச்சல்காரப் பிள்ளை எப்படி இருபதுக்கு இருபது போடும்?

நான்காம் நாள் நிருவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வாரத் தொடக்கத்திலிருந்து ஒரு எழுத்து இல்லை. ஏன் எழுதவில்லை என்று பென்சிலைக் காட்டிக் கேட்டேன். கையை ஆட்டிக் காட்டினாள்: டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். போர்டில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதுகிறவள், வகுப்பு முழுக்க எழுதும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளைக்குப் புத்தி இல்லை என்று நான்தான் பட்டம் கட்டிவிட்டேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். 'முகாமில் என் மகளுக்குச் சத்தம் கேட்கவில்லை. மெஷினில் விளக்கு எரிவதைப் பார்த்து நான் சைகை காட்டினேன். அதைப் பார்த்து அவள் மணி போட்டாள். தப்பு என்னுடையது, பிள்ளையுடையது அல்ல. அவள் புத்தியுள்ள பிள்ளை. இப்படிக்கு, எத்திராஜ், செக்யூரிட்டி.' மிச்சமிருந்த வரிகளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஜெயலட்சுமி படித்துவிட்டு, "சோறு போடட்டா?" என்றாள். நாலு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டோரீனும் படித்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்குங்க. ஆபீஸ்ல தொலைச்சுடுவாங்க" என்றார்.

மறு சோதனை ஒரு ஆஸ்பத்திரியில், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில். டோரீனும் கூட வந்திருந்தார். இந்தத் தடவை என்னை வெளியே, மெஷின் பக்கத்தில், நிருவின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சோதிக்கிற அம்மா வயசானவர். என் கடிதத்தைப் படித்திருந்தார் என்று அவர் நாற்காலியைக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது. நிரு இரண்டு முறை திரும்பி என்னைத் தேடினாள். உள்ளே இருந்த நர்ஸ் அவள் தலையை மெதுவாக முன்பக்கம் திருப்பினாள்.

விளக்கு எரிந்தது. நிரு மணியைக் காதருகே பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி எரிந்தது. அந்த அம்மா குமிழைத் திருகினார். எரிந்தது. திருகினார். எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு மணி விழுந்தது. மொத்தத்தில் மூன்று.

"மெஷின் கெட்டுப் போயிருக்கு மேடம்" என்றேன். எழுந்தே விட்டேன். "அப்படி ஒண்ணுமே கேக்காம இருக்காது. கால் தட்டினா திரும்புவா."

"தரை அதிரும். அதுல திரும்புவா" என்றார் அவர்.

"எனக்குப் போட்டுக் காட்டுங்க."

அவர் டோரீனைப் பார்த்தார். டோரீன் தலையசைத்தார். உள்ளே போய் நிருவின் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். உடனே கேட்டது, கொசு பாடுகிற மாதிரி. கையைத் தூக்கினேன். அப்புறம் டைம்பீஸ் அளவுக்கு, அப்புறம் குக்கர் விசில் அளவுக்கு. அதற்கு மேல் பல் கூசியது. போதும் போதும் என்று இரண்டு கையையும் ஆட்டி, ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நீங்க போதும்னு சொன்னது இங்க" என்று குமிழில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினார். விரலை நகர்த்திக்கொண்டே போய் வேறொரு எண்ணில் நிறுத்தினார். "உங்க பொண்ணு மொத மணி போட்டது இங்க."

"அந்தச் சத்தத்தை ஒரு தடவை வைங்க, கேக்கறேன்."

"வேணாம் சார். உங்க காதுக்கு ஆகாது."

எட்டு வருஷம் அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். திரும்பாதபோதெல்லாம் பிடிவாதம், அம்மா புத்தி என்று திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டும் அவளுக்குக் கேட்டிருக்காது. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன், டோரீன் முன்னால், அந்த அம்மா முன்னால், வெட்கமில்லாமல்.

நர்ஸோடு நிரு வெளியே வந்தாள். நான் அழுவதைப் பார்த்து முகம் சுண்டிப்போனது. டப்பாவில் மணி ரொம்பக் குறைவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விரல்களை விரித்து, எத்தனை சரி என்று கேட்டாள்.

மூன்று விரலைக் காட்டினேன். அவள் உதடு துடித்தது. நான் மண்டியிட்டு, என் வாய் அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்.

"மூணும் நீயே போட்டது."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.